பூஜ்யத்தில் நின்ற முள்

அன்புள்ள மகனுக்கு,

நீ இதைப் படிக்கும்போது உனக்கு என்னைவிட வயது கூடுதலாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். எனக்கு இப்போது பதினெட்டு. நீ இன்னும் பிறக்கவில்லை. மகன்தானா என்பதும் எனக்குத் தெரியாது. வயிறு முன்னால் தள்ளியிருக்கிறது, அதனால் பையன்தான் என்று என் அம்மா சொல்கிறாள். மகளாக இருந்தால் கோபித்துக்கொள்ளாமல் மாற்றிப் படித்துக்கொள். ஏழாம் மாதம் முடியப்போகிறபோது கட்டுச்சோறு கட்டி வந்து என்னை ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு அழைத்து வந்துவிட்டார்கள். இங்கே என்னை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. வயலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் போய்விட்ட பிறகு வீட்டில் நானும் நீயும்தான். யாரிடமும் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லாத எனக்கு, இன்னும் பிறக்காத உன்னிடம் பேசுவது சுலபமாக இருக்கிறது.

எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நீ வளர்ந்ததும் உன் அப்பா மேல் கேரளத்தில் நடந்த வேக வழக்கைப் பற்றி இரண்டு விதமாகக் கேள்விப்படுவாய். "உங்க அம்மா கோர்ட்டுல பேசித்தான் உங்க அப்பன் லைசென்ஸ் தப்பிச்சுது" என்று ஒரு கூட்டம் சொல்லும். "உங்க அம்மா கோர்ட்டுல பேசித்தான் உங்க அப்பன் வேலை போச்சு" என்று இன்னொரு கூட்டம் சொல்லும். இரண்டுமே நடந்ததுதான். எது என் பேச்சால் நடந்தது, எது அது இல்லாமலே நடந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன். உனக்காவது புரிகிறதா பார்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். படிப்பு வராமல் இல்லை. பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள், நானும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று நான் சொல்வது எனக்கே கேட்காது. டீச்சர் நிமிர்ந்து பார்க்காமல் வரவில்லை என்று போட்டுவிடுவார். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே எத்தனையோ நாள் நான் பள்ளிக்கு வராதவளாக இருந்திருக்கிறேன். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபோது, திரேஸ்புரத்தில் பக்கத்து வீட்டு செலின் அக்கா என்னை ஊமை என்றே ஒரு வாரம் நினைத்திருந்தாள். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே, "மாதாவே, இம்புட்டு அழகான பிள்ளைக்கு வாயைக் கொடுக்காம விட்டுட்டியே" என்று அவள் சத்தமாக வருத்தப்பட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. இல்லை அக்கா, எனக்கு வாய் இருக்கிறது என்று போய்ச் சொல்லவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

உன் அப்பா அப்போது மீன் லாரி டிரைவர். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. சொல்லவும் மாட்டேன். இதனாலும் ஒரு சிக்கல் வந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். திரேஸ்புரத்தில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டுப் பெட்டி பெட்டியாக ஏற்றி, செங்கோட்டை வழியாக மலை இறங்கிக் கேரளத்துச் சந்தைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. லாரி எங்களுடையதல்ல, முதலாளி அண்ணாச்சியுடையது. அண்ணாச்சி நல்லவர்தான், ஆனால் லாரியில் பெண்களை ஏற்றக் கூடாது என்பதில் கண்டிப்பானவர். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் கேஸ் போடுவார்கள் என்பது ஒரு காரணம். பொம்பளை ஏறின வண்டி சந்தையில் விலை பிடிக்காது என்பது அவர் வைத்திருந்த இன்னொரு காரணம்.

உன் பெரியம்மா, அதாவது என் அக்கா, கேரளத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இருக்கிறாள். பெரியப்பாவுக்கு அங்கே ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரி வேலை. அக்காவுக்குப் பிள்ளை பிறந்து நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த வாரம் கிளீனர் தன் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டதால் அவன் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. "ஏளா, கிளம்பு. காலையில உங்க அக்கா வீட்டுல இறக்கி விட்டுட்டு நான் சந்தைக்குப் போயிருதேன். அண்ணாச்சிக்குத் தெரியவா போவுது?" என்றார். உன்னைச் சுமக்க ஆரம்பித்து அப்போது ஐந்து மாதம். எனக்குப் போக ஆசை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

நீ ஒரு நாளாவது மீன் லாரியின் முன்னால் உட்கார்ந்து போக வேண்டும். அவ்வளவு உயரத்திலிருந்து நான் எதையும் பார்த்ததில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் வட்டமாக ஒரு கடிகாரம் மாதிரி இருந்தது, அதன் முள் அசையவே இல்லை. "இது என்னங்க?" என்று கேட்டேன். "வேகம் காட்டுத மீட்டர். அது செத்து ரெண்டு தீவாளி ஆச்சு. அது கணக்குப்படி நாம இன்னும் தூத்துக்குடிய விட்டே கிளம்பல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழியெல்லாம் அந்த முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன்.

ஹாரன் விஷயம் அதன் பிறகுதான். வேம்பார்ப் பக்கம் மீன் எடுக்கப் போகும்போது நம் லாரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. உப்பளம் தாண்டி முதல் குடிசை கண்ணில் பட்டதும் ஹாரனை அமுக்கினால் ஊர் வந்து சேருகிறவரை கையை எடுக்க மாட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் பெண்கள் மீன் கூடையோடு ரோட்டோரத்துக்கு வந்துவிடுவார்கள். தூத்துக்குடியில் நானும் அதைக் கேட்டிருக்கிறேன். நீளமாக ஹாரன் கேட்டால் ஜனம் லாரியை நோக்கி வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். செங்கோட்டைக்கு முன்னால் ஆள் நடமாட்டமில்லாத ஒரு இடத்தில் உன் அப்பா என் கையைப் பிடித்து ஹாரன் மேல் வைத்து, "அமுக்குளா" என்றார். நான் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். "பூனைக்குட்டி கூட இதைவிட நல்லாக் கத்தும். நல்லா அமுக்கு" என்றார். அமுக்கினேன். மகனே, என்னிடமிருந்து அவ்வளவு பெரிய சத்தம் அதுவரை வந்ததில்லை. கையை எடுக்கவே மனம் வரவில்லை.

மலை இறங்கும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நாலைந்து இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் உன் அப்பா தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். ஆனால் வண்டிக்கு அடியில் ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டி ரோட்டில் ஓடுவதை அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். மீன் சந்தைக்கு நேரத்தில் போய்ச் சேராவிட்டால் அண்ணாச்சிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மலை முடிந்து சமதளம் வந்ததும் வண்டியை விரட்ட ஆரம்பித்தார். "இனிமே அடிக்கலாமா?" என்று நான் கேட்டேன். நானாகக் கேட்டேன். "மலையிலதான் அடிக்கக் கூடாது. இனிமே உன் இஷ்டம்" என்றார். காலை நேரம். ஒரு சிறிய ஊர் வந்தது. பள்ளிக்கூடம், டீக்கடை, இரண்டு பக்கமும் ஓடை. ரோட்டோரத்தில் ஆட்கள் நிற்பதைப் பார்த்ததும் எனக்கு அந்த வேம்பார் வழக்கம் நினைவுக்கு வந்தது. ஹாரனை அமுக்கினேன். கையை எடுக்கவில்லை.

அந்த ஜனம் எங்களை நோக்கி வரவில்லை. ஓடினார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கடைக்குள் புகுந்தார்கள். தலையில் மரச்சீனிக் கிழங்குக் கூடையோடு போன ஒரு பெண் ஓடைக்குள் விழுந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால்தான் தெரிந்தது, போன மழைக்காலத்தில் மரம் ஏற்றின ஒரு லாரி பிரேக் போய், இதே மாதிரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே மலையிலிருந்து இறங்கி, அந்த டீக்கடையை இடித்திருக்கிறது. அந்த ஊரில் நீளமாக ஹாரன் கேட்டால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும் என்று அர்த்தம்.

ஊர் முடிகிற இடத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். அன்றைக்கு அங்கே வேகம் பிடிக்கிற நாளாம். ஊர் தொடங்குகிற கோடியில் இன்னொருவர் வண்டி தாண்டும்போது கைக்குட்டையை வீசுவார், இந்தக் கோடியில் ஒருவர் கடிகாரம் பார்த்து வேகத்தைக் கணக்குப் போடுவார். வண்டி நிற்பதற்குள் உன் அப்பா, "ஏளா, குனி" என்றார். நான் கால் வைக்கிற இடத்தில் சுருண்டு உட்கார்ந்தேன். அவருடைய போர்வையை என் மேல் போட்டார். ஒருவர் ஓடி வந்து, "எந்தா ஸ்பீடு! பிரேக் போயோ?" என்று கத்தினார். "பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார் உன் அப்பா. அது இன்னும் தப்பாகப் போய்விட்டது. பிரேக் நன்றாக இருந்தும் இப்படி வந்தாயா என்று ஆகிவிட்டது. கடிகாரம் வைத்திருந்தவர் அறுபத்திரண்டு என்றார். "அறுபத்திரண்டா? இந்த வண்டி பறந்தாத்தான் சார் உண்டு" என்றார் உன் அப்பா. அவர் மைல் என்று நினைத்துவிட்டார். அவர்கள் சொன்னது கிலோமீட்டர், ஊருக்குள் லாரிக்கு அதுவே அதிகம் என்று தெரிந்ததும் சட்டைப் பைக்குள் கை விட்டார். லைசென்ஸை வாங்கிக்கொண்டு, கோர்ட்டுக்கு வரச்சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். போர்வைக்குள் மீன் வாடை. நான் அங்கே இருக்கிறேன் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த மாதிரியே இருந்தேன்.

ஊருக்குத் திரும்பின பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அண்ணாச்சி கணக்குப்பிள்ளையை அனுப்பிவிட்டுத் தனியாகச் சொன்னார்: "ஏலே, குத்தத்தை ஒத்துக்கோ, அபராதத்தைக் கெட்டு, அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்து சேரு. வெளி மாநிலத்துக் கோர்ட்டுல போயி வாயாடிக்கிட்டு நிக்காத." உன் அப்பாவோடு லாரி ஓட்டுகிற சம்சு அண்ணன் வீட்டுக்கே வந்து, "நீ ஏன் மாப்ள போற? லைசென்ஸ் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டு இங்கன புதுசு வாங்கு. அவனுவ மலை ஏறி வந்தா உன்னையத் தேடப் போறானுவ?" என்றார். "அப்பம் செங்கோட்டை செக்போஸ்ட்ட நான் எப்படித் தாண்டுவேன்? வண்டி நம்பர எழுதித் தொங்கவிட்டிருப்பான். வாரண்டு வந்தா ஒரேயடியா உள்ளதான்" என்றார் உன் அப்பா. "அதுக்குத்தான் சொல்லுதேன், கேரளா லைனை விட்டுரு" என்றார் அண்ணன். செலின் அக்கா தன் பங்குக்கு மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மூன்றுமே எனக்குச் சரியாகப் பட்டன. ஒருவர் பேசி முடிக்கும்போது அவர் சொல்வதுதான் சரி என்று தோன்றும். அடுத்தவர் வாய் திறந்தால் அதுவும் சரி என்று தோன்றும். உன் அப்பா மட்டும் இரவில் ஒன்றைச் சொன்னார். அவர் லைசென்ஸில் ஏற்கெனவே ஒரு முறை எழுதிவிட்டார்கள். இந்த முறையும் விழுந்தால் லைசென்ஸைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். பிறகு உப்பளத்தில் மூட்டை சுமக்கத்தான் போக வேண்டும். லாரியில் ஏறுவதற்கு முன்னால் அவர் அந்த வேலைதான் பார்த்தார். அவர் தோளில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கோர்ட்டுக்கு முதல் நாள் அக்கா வீட்டுக்குப் போனோம். பெரியப்பா தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். வக்கீல் நன்றாகத் தமிழ் பேசினார். சீட்டைப் படித்துவிட்டு அவர் சொன்னதை நீ மனதில் வைத்துக்கொள். இந்தக் கடிதத்தில் உனக்குப் பயன்படக்கூடிய ஒரே விஷயம் இதுவாகக்கூட இருக்கலாம். "குற்றத்தை ஒத்துக்கோன்னு உங்க முதலாளி சொன்னாராக்கும்? எந்தக் குற்றத்தைன்னு கேட்டியா? இங்க ரெண்டு எழுதியிருக்கு. ஒண்ணு, வேகமாப் போனது. இன்னொண்ணு, ஜனங்க உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி ஓட்டினது. முதல்ல உள்ளதுக்கு அபராதத்தோட போகும். ரெண்டாவதுக்குத்தான் லைசென்ஸ் போகும். முதல்ல உள்ளதை ஒத்துக்க. ரெண்டாவதை ஒத்துக்காத" என்றார். அதுவரை நாங்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். மகனே, யாராவது உன்னிடம் குற்றத்தை ஒத்துக்கொள் என்று சொன்னால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், எந்தக் குற்றத்தை என்று முதலில் கேள்.

பிறகு வக்கீல், "வண்டியில கூட யாராவது இருந்தாங்களா?" என்றார். உன் அப்பா, "இல்ல சார், நான் ஒத்தையாத்தான் வந்தேன்" என்றார். என் அக்காவுக்கு வாய் சும்மா இராது. "ஏன், இவ இருந்தாளே!" என்று என்னைக் காட்டினாள். வக்கீல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சாட்சி சொன்னா நல்லதுதான். ஆனா சரக்கு வண்டியில ஆள் ஏத்தினது அதுவே தனியா ஒரு குற்றம், அதையும் யோசிச்சுக்கோங்க" என்றார். "அதெல்லாம் வேண்டாம் சார். அவ பேச மாட்டா. வீட்டுலயே பேச மாட்டா" என்றார் உன் அப்பா. அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் என் வாயிலிருந்து, "நான் வாரேன்" என்று வந்துவிட்டது. ஏன் சொன்னேன் என்று கேட்காதே. அவருக்கு உதவ நினைத்தேனா, பேச மாட்டாள் என்று சொன்னதில் ரோஷம் வந்ததா, எனக்குத் தெரியவில்லை.

கோர்ட்டில் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். என் பெயர்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மாஜிஸ்ட்ரேட் வயதானவர். தமிழ் புரியும், பேசும்போது மலையாளம் கலந்துவிடும். "பர்த்தாவோட பேரு எந்தா?" என்று கேட்டார். புருஷன் பெயரை எப்படிச் சொல்வது? நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். "பேரு பறயூ" என்றார் மறுபடியும். நான் உன் அப்பாவைக் கையால் காட்டினேன். "ஆளைத் தெரியும், பேரு தெரியாதோ?" என்று அரசு வக்கீல் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. "அவங்க ஆளுக சொல்ல மாட்டாங்க. லைசென்ஸில் உண்டல்லோ, எழுதிக்கோ" என்று குமாஸ்தாவிடம் சொன்னார். அந்த ஒரு பேச்சில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு அரசு வக்கீல் எழுந்தார். "லாரி எவ்வளவு வேகம் வந்துச்சு?"

"தெரியாதுங்க."

"மீட்டர் பார்த்தியோ?"

"பார்த்தேன்."

"எவ்வளவு காட்டிச்சு?"

"பூஜ்யம்."

கோர்ட்டே சிரித்தது. "வண்டி நின்னப்போ பார்த்தியா?" என்றார். "இல்லைங்க, ஓடும்போதுதான். அது செத்து ரெண்டு தீவாளி ஆச்சாம்" என்றேன். எங்கள் வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மீட்டர் வேலை செய்யாத வண்டியை ஓட்டுவதும் ஒரு குற்றமாம், அது எனக்கு எப்படித் தெரியும்? நான் உண்மையைச் சொல்லச் சொல்லக் குமாஸ்தா ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே இருந்தார். லாரியில் ஆள் ஏற்றியது ஒன்று. மீட்டர் ஒன்று. உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை. கோபமில்லை. போதும், உட்கார் என்று சொல்கிற மாதிரி இருந்தது. நானும் உட்கார்ந்துவிடத்தான் நினைத்தேன்.

அப்போது அரசு வக்கீல் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்து, "பிரேக் போன லாரி மாதிரி ஹாரனை அமுக்கிப் பிடிச்சு ஜனங்களை விரட்டி வந்திருக்கான். இதைவிட ஆபத்தா எப்படி ஓட்டுறது?" என்றார். என்னைக் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன். "ஹாரன் அடிச்சது அவங்க இல்ல. நான்."

என் குரல் அந்தக் கோடிவரை கேட்டது. மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்கு அடிச்சே?"

"எங்க ஊர்ப் பக்கம் மீன் லாரி அப்படி அடிச்சா ஜனங்க கூடையத் தூக்கிட்டுக் கிட்ட வருவாங்க. இங்கன எல்லாரும் ஓடினாங்க. ஏன் ஓடினாங்கன்னு எனக்கு அப்பம் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. ஓடையில் விழுந்த அந்தப் பெண்ணும் போலீஸ் தரப்புச் சாட்சியாக வந்திருந்தாள். மாஜிஸ்ட்ரேட் அவளைக் கூப்பிட்டு, எதைப் பார்த்து ஓடினாய் என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "ஹாரன் கேட்டு ஓடி, வீணு" என்றாள், ஓடினேன், விழுந்தேன் என்று. லாரி எந்தப் பக்கம் வந்தது என்று கேட்டார். "லாரியோ? லாரி ஞான் கண்டில்ல." அவள் லாரியைப் பார்க்கவே இல்லை. சத்தம் கேட்ட உடனேயே விழுந்திருக்கிறாள்.

உயிருக்கு ஆபத்தாக ஓட்டினார் என்ற குற்றத்தை மாஜிஸ்ட்ரேட் தள்ளிவிட்டார். வேகத்துக்கு அபராதம், ஆள் ஏற்றியதற்கு அபராதம், மீட்டருக்கு வண்டி முதலாளி பெயரில் அபராதம். லைசென்ஸில் வேகம் என்று மட்டும் ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உன் அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்து வைத்து எடுத்துப் பார்த்தார். வெளியே வராந்தாவில் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து, முழங்காலில் ஆறிப்போன காயத்தைக் காட்டினாள். மன்னிச்சுக்கோங்க என்று சொன்னேன், அது அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. என் வயிற்றைத் தொட்டு, "எத்ர மாசம்?" என்றாள். ஆறு என்று விரலால் காட்டினேன். அவள் ஹாரன் அமுக்குகிற மாதிரி என் வயிற்றை மெல்ல அமுக்கி, வாயாலேயே "பாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நீயும் அதை உணர்ந்திருப்பாய்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். தூத்துக்குடிக்கு வந்ததும் அண்ணாச்சிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. "பொம்பளைய ஏத்துனதக்கூட பொறுத்துக்கிடுவேன். என் வண்டி மீட்டர் செத்துக் கெடக்குன்னு ஒரு கோர்ட்டுல, அதுவும் அடுத்த ஸ்டேட்டுல, உன் பொண்டாட்டி போயி பிரசங்கம் பண்ணணுமாலே?" என்றார். உன் அப்பா சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தார். மீட்டரை மாற்றித் தரச் சொல்லி அவர் அண்ணாச்சியிடம் பல தடவை கேட்டிருக்கிறார். அதைச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். "கேட்டேன்னு சொன்னா மட்டும் மீட்டர் ஓடவா போவுது?" என்றார்.

அப்புறம் சில வாரம் அவருக்கு வேலை இல்லை. அவர் என்னைக் குறை சொல்லவே இல்லை, அதனால் எனக்குக் குழப்பம் இன்னும் கூடியது. ஒரு நாள் நானே கேட்டேன், நான் பேசியது சரியா தப்பா என்று. "ஹாரனைச் சொன்னது சரி. மீட்டரச் சொன்னது தப்பு" என்றார். அவரே தொடர்ந்து, "ஆனா மீட்டரச் சொல்லலைன்னா நீ ஹாரனச் சொன்னத அந்த மாஜிஸ்ட்ரேட்டு நம்பியிருப்பாரா?" என்றார். பிறகு அவரும் தலையைச் சொறிந்துகொண்டார். ஒரே வாய், ஒரே மூச்சில் சொன்னது. அதில் பாதியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் உண்மையே பேசு என்று எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உண்மையைப் பேசினால் நல்லது நடக்கும் என்று உனக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. வேகம் எவ்வளவு என்று கேட்டதற்குத் தெரியாது என்றேனே, எண் தெரியாது என்பது சத்தியம். ஆனால் ரோட்டோர மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. என் பின்னல் அவிழ்ந்து முகத்தில் அடித்தது. அது எந்த பஸ்ஸும் போகாத வேகம் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது பிடித்திருந்தது. மெதுவாகப் போங்க என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அது பிடித்திருந்ததா என்று அந்தக் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. அந்தப் பெண்ணின் முழங்காலை நினைக்கும்போதெல்லாம் அந்த மரங்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. நீ லாரி ஓட்டப்போகிறாயோ, ஆபீஸில் உட்காரப்போகிறாயோ தெரியாது. எப்போதாவது உனக்கு அப்படிப் பிடித்துப்போனால், எதிர்ப்பக்கம் ரோட்டோரத்தில் நிற்கிறவர்களுக்கு நம் ஊர் வழக்கம் தெரியாது என்பதையும் நினைத்துக்கொள்.

இப்போது உன் அப்பாவுக்கு உப்பு லாரியில் வேலை கிடைத்திருக்கிறது. வேறு முதலாளி. மலை தாண்டுகிற வேலை இல்லை, ஐஸும் இல்லை, அவசரமும் இல்லை. மூட்டை சுமக்கப் போகாமல் மூட்டை ஏற்றின வண்டியை ஓட்டுகிறார். நேற்று மத்தியானம் நான் இந்தக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். ஆற்றுப் பாலத்துப் பக்கமிருந்து ஒரு ஹாரன் கேட்டது. எடுக்காமல், நீளமாக, ஊருக்குள் வருகிறவரை. தெருவில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். "எவம்லே அது, ஊரைக் கூட்டுதான்?" என்று சாப்பாட்டுக்கு வந்திருந்த என் அம்மா கத்தினாள். எனக்குத் தெரியும், யாரென்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோடுவரை நடந்தேன்.

லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்காமலே மேலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். சக்கரமெல்லாம் உப்பு பூத்திருந்தது. பெண்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மீட்டர் இருக்கா இதுல?" என்று கேட்டேன்.

"புதுசு. ஜோரா ஓடுது."

"வரும்போது எவ்வளவு காட்டிச்சு?"

அவர் ஸ்டியரிங் மேல் கையை ஊன்றிக் குனிந்தார். "அதை யாரு பாத்தா? பாலம் திரும்பினதும் நான் உங்க வீட்டு ரோட்டைல்லா பாத்துக்கிட்டு வந்தேன்" என்றார்.

இந்த மனுஷனை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெருவே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அடுத்த வாட்டி மீட்டரையும் பாத்துட்டு வந்து சொல்லுங்க. யாராவது கேட்டா நான்தான் பதில் சொல்லணும்" என்றேன். கடைசி வீட்டுக்காரர்கள் வரை கேட்டிருக்கும், அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.

உன்னைச் சுமந்துகொண்டு,
அம்மா